பழைய கவுனிலிருந்து ஒரு பொம்மை: நிறத்தை எங்கே தேடுவது?

துணிப் பொம்மை தைக்கத் தெரியும், எதைத் தைப்பது என்றுதான் தெரியவில்லை என்பவர்களுக்கு இந்தப் பதிவு. சின்ன வயசில் போட்ட ஒரு உடுப்பையே பொம்மையாக்கிப் பார்க்கலாம். வெட்டுவது, பஞ்சு அடைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதல் வேலை, பழைய போட்டோ ஆல்பத்தைத் திறக்காமல் இருப்பது. அந்த உடுப்பைப் பற்றி நினைவுக்கு வருவதைத் தாளில் எழுதுங்கள். எனக்கு ஒரு கவுனின் பாக்கெட்டும் அதில் பிரிந்து தொங்கிய நூலும் மட்டும்தான் வந்தன. அதுவே போதும். பொம்மையின் உடம்பில் பாதியை அந்தப் பாக்கெட்டுக்கே கொடுத்துவிட்டேன், தொங்கும் நூலோடு.

அடுத்து ஆல்பம். நான் சறுக்கியது இங்கேதான். 1970களின் கலர் போட்டோ ஒன்றைப் பார்த்து, அதே மங்கிய ஆரஞ்சில் துணி தேடி வாங்கிப் பொம்மையை முடித்தே விட்டேன். பெரியம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "அது பச்சைக் கவுனுடி" என்றார்!

அந்தக் காலக் கலர் பிரிண்டில் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்று மூன்று சாயங்கள். பல பிரிண்டுகளில் சயான்தான் முதலில் மங்கும், ஆல்பத்தை மூடியே வைத்திருந்தாலும். அப்புறம் படம் முழுக்கச் சிவப்பேறிவிடும். அதனால் படத்தில் வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை, ஒரு சுவரையோ காகிதத்தையோ, பாருங்கள். அது ரோஸாகத் தெரிந்தால் மற்ற நிறங்களையும் நம்ப வேண்டாம். மொபைல் செயலியில் சரிசெய்யலாம், ஆனால் அது உத்தேசம்தான்.

உடுப்பே கையில் இருந்தால் கீழ் மடிப்பை இரண்டு விரற்கடை பிரியுங்கள். வெளிச்சம் படாத உள்பக்கத்தில் பழைய நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். புதுத் துணியை அதோடு பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பாருங்கள். பிரிக்க பிளேடு வேண்டவே வேண்டாம். கூர்முனைக் கத்தரிதான் என் கட்சி.

பழைய துணியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தாலோ, லேசாக இழுத்ததும் இழை விட்டாலோ அதில் உடம்பு தைக்காதீர்கள், பஞ்சு அடைக்கும்போதே கிழியும். இஸ்திரி போட்டால் ஒட்டும் மெல்லிய கேன்வாஸை அடியில் கொடுத்து, மேலே ஒட்டுத்துணியாகத் தையுங்கள்.

பின்சேர்க்கை: வெட்ட மனசு வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கும் வரவில்லை. மடிப்புக்குள் இருக்கும் உபரித் துணியில் ஒரு விரல் அகலம் எடுத்துக்கொண்டு மறுபடி மடித்துத் தைத்துவிட்டேன். கவுன் முழுசாக இருக்கிறது. அந்தத் துண்டு இரண்டாவது பொம்மையின் பாக்கெட் ஓரமாகிவிட்டது.