மண்ணடியில் ஒரு ஹோஸ்ட் சர்வர் பல வாரம் என் மண்டையை உடைத்த கதை: விஎம் ஹோஸ்ட் கிராஷை எங்கிருந்து தேடுவது

காலை ஒன்பது மணிக்குப் பாயிடமிருந்து போன் வந்தால் விஷயம் ஒன்றுதான். "தம்பி, டேலி ஓப்பன் ஆவல, பசங்க சும்மா உக்காந்துனு இருக்காங்க." தம்பு செட்டித் தெருவை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், துறைமுகத்துக்கு வரும் சரக்கைக் கிளியரிங் செய்யும் சின்ன ஆபீஸ் அவருடையது. அங்கே ஒரு அசெம்பிள் பெட்டியில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு மூன்று விஎம், அதாவது மூன்று மெய்நிகர் கணினிகள், ஓட்டிக்கொடுத்தவன் நான். அவற்றைச் சுமக்கும் பெட்டிதான் ஹோஸ்ட். டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு ஒரு விண்டோஸ், ஃபைல் சர்வராக ஒரு லினக்ஸ், அட்டெண்டன்ஸ் மெஷினுக்கு இன்னொன்று. ஒன்றரை வருடம் சத்தமில்லாமல் ஓடிய பெட்டி திடீரென்று வாரத்துக்கு மூன்று முறை படுக்க ஆரம்பித்தது.

அதைச் சரிசெய்ய நான் சுற்றிய சுற்றில் பாதி வீண். நேர்வழி எது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். ப்ராக்ஸ்மாக்ஸை எப்படிப் போடுவது, எஸ்எஸ்எச்சில் எப்படி நுழைவது என்பதெல்லாம் இதில் வராது. கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். கான்ஃபிக் ஃபைல்களில் வரும் ஸ்டோரேஜ், சிஸ்டம்மேக்ஸ்யூஸ், ஹேண்டில்லிட்ஸ்விட்ச் ஆகிய பெயர்களில் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது.

படி 1: செத்தது எது?

"சர்வர் போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று விஷயங்களில் ஒன்று நடந்திருக்கும். விஎம் மட்டும் நின்றிருக்கலாம், ஹோஸ்டே விழுந்திருக்கலாம், அல்லது எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்க நெட்வொர்க் மட்டும் அறுந்திருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஹோஸ்டில் நுழைந்து 'அப்டைம்' என்று அடியுங்கள். நாற்பது நாள் என்று காட்டினால் ஹோஸ்ட் விழவே இல்லை, விஎம்தான் போயிருக்கிறது. பத்து நிமிடம் என்றால் ஹோஸ்டே ரீபூட் ஆகியிருக்கிறது. நுழையவே முடியவில்லை என்றால் பவர் பட்டனில் கை வைப்பதற்கு முன் ஒரு மானிட்டரைச் செருகிப் பாருங்கள். திரையில் ஏதாவது எழுதியிருந்தால் போட்டோ எடுங்கள். லாகின் கேட்டு, கீபோர்டுக்கும் பதில் சொன்னால் நெட்வொர்க் மேல் சந்தேகம் வையுங்கள்.

நான் இதைச் செய்யவில்லை. விண்டோஸ் விஎம்முக்குள் போய் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன், அதில் கெர்னல்-பவர் 41 என்று இருந்தது. பெயரிலேயே பவர் இருக்கிறதா, கரண்ட் கோளாறு என்று முடிவுகட்டிவிட்டேன். கீழ்த்தளத்தில் ஒரு மெஸ் இருக்கிறது, அங்கே கிரைண்டர் ஓடும்போது எங்கள் டியூப்லைட் சிமிட்டும். பழியை அதன் மேல் போட்டு, பாயிடம் பணம் வாங்கி யுபிஎஸ் பேட்டரியை மாற்றினேன். நான்காம் நாள் மறுபடி போன்.

41 சொல்வது இவ்வளவுதான்: விண்டோஸ் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது. விஎம்முக்குள் இருக்கும் விண்டோஸுக்குக் கரண்ட் போனதும் ஒன்றுதான், ஹோஸ்ட் அதன் கழுத்தைத் திருகியதும் ஒன்றுதான். அதற்கு எப்படித் தெரியும்? விஎம்முக்குள் காரணம் தேடாதீர்கள், ஹோஸ்டில் தேடுங்கள்.

படி 2: லாக் தங்குகிறதா என்று பாருங்கள்

'ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்' என்று அடியுங்கள். பல வரிகள் வந்தால் நல்லது, பழைய பூட்களின் லாக் எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு வரி வந்தால் ஒவ்வொரு ரீபூட்டிலும் லாக் காற்றில் போகிறது என்று பொருள்.

எனக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது. எஸ்எஸ்டி தேயக்கூடாது என்று எங்கேயோ படித்துவிட்டு, லாக் எழுதும் சர்வீஸான ஜர்னல்டியின் கான்ஃபிக் ஃபைலில் 'ஸ்டோரேஜ்=வாலடைல்' என்று போட்டு வைத்திருந்த புண்ணியவான் நானேதான். வாலடைல் என்றால் லாக் ரேமில் மட்டும் இருக்கும், பெட்டி அணைந்தால் அதுவும் அணையும். முதல் இரண்டு வாரம் கிராஷ் ஆனபோதெல்லாம் பெட்டியை அணைத்து ஆன் செய்து, புது பூட்டின் லாகைத் துருவித் துருவிப் பார்த்து "ஒன்றுமே இல்லையே" என்று உட்கார்ந்திருந்தேன். அதில் எப்படி இருக்கும்? நேற்று செத்தவனைப் பற்றி இன்று பிறந்த குழந்தையிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரியை 'பெர்சிஸ்டன்ட்' என்று மாற்றி, 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்டம்டி-ஜர்னல்டி' கொடுங்கள். பிறகு ஒருமுறை நீங்களாகவே ரீபூட் செய்து, பட்டியலில் இரண்டு வரி வருகிறதா என்று கட்டாயம் சரிபாருங்கள். எஸ்எஸ்டி தேய்மானம் என்பதெல்லாம் சின்ன ஆபீஸ் லாகுக்குப் பெரிதாக யோசிக்கும் விஷயமே இல்லை. இடம்தான் கவலை என்றால் 'சிஸ்டம்மேக்ஸ்யூஸ்' என்பதில் '500எம்' (எம் பெரிய எழுத்து, அதாவது 500 எம்பி) என்று உச்சவரம்பு வையுங்கள், போதும்.

இனிமேல் விஎம் மட்டும் செத்திருந்தால் இப்போதைய பூட்டின் லாகைப் பாருங்கள். ஹோஸ்டே செத்திருந்தால் முந்தைய பூட்டை, அதாவது 'ஜர்னல்சிடிஎல் -பி -1' (பூட்டில் வரும் பி). கடைசி வரிகளுக்கு நேராகப் போக '-ஈ' சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: விஎம் மட்டும் செத்திருந்தால்

லாகில் 'அவுட் ஆஃப் மெமரி: கில்ட் பிராசஸ்' என்று தேடுங்கள். என் லாகில் இரவு 2:14க்கு அது இருந்தது, பக்கத்திலேயே விஎம்மை ஓட்டும் கேவிஎம் என்ற பிராசஸ் பெயரும். ரேம் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) யாராவது ஒருவரைக் கொன்று மற்றவர்களைக் காப்பாற்றும். பெரும்பாலும் அதிகமாகத் தின்கிறவன்தான் மாட்டுவான். ஹோஸ்டில் அதிகம் தின்பது பெரிய விஎம்தான், நம் கதையில் டேலி.

கணக்கைப் பாருங்கள். பெட்டியில் 32 ஜிபி. விஎம்களுக்கு 16, 6, 4 என்று மொத்தம் 26 கொடுத்திருந்தேன். ஹோஸ்டுக்கு 6 மிச்சம், தாராளம் என்று நினைத்தேன். டிஸ்கில் இருப்பது இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் என்பதை மறந்துவிட்டேன். அது ஏஆர்சி என்று ஒரு கேஷ் (படித்ததை ரேமில் சேர்த்து வைக்கும் இடம்) வைத்துக்கொள்கிறது, நான் போட்ட பதிப்பில் அது ரேமில் பாதிவரை வளரும். 26-உம் 16-உம் கூட்டினால் 42. பகலில் கேஷ் சின்னதாக இருக்கும், பிரச்சினை தெரியாது. இரவு 2 மணிக்கு பேக்கப் ஆரம்பித்து டிஸ்க் முழுவதையும் படிக்கும்போது கேஷ் உப்பும். கேட்டால் திருப்பிக் கொடுக்கும்தான், ஆனால் கேட்ட வேகத்தில் கொடுக்காது. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாகப் போடுகிறவர்களுக்கு இன்ஸ்டாலரே ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று வரம்பு வைத்துவிடுகிறது. பழைய பெட்டியை அப்கிரேடு செய்துகொண்டே வந்தவர்கள் கையால்தான் வைக்க வேண்டும்.

இடிசி அடைவுக்குள் மோட்புரோப்.டி, அதில் இசட்எஃப்எஸ்.கான்ஃப் என்ற ஃபைல். அதில் ஒரே வரி: 'ஆப்ஷன்ஸ் இசட்எஃப்எஸ் இசட்எஃப்எஸ்_ஏஆர்சி_மேக்ஸ்=4294967296'. அந்த எண் 4 ஜிபி, பைட்டில் எழுதியது.

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். ஃபைலைச் சேமித்தேன், ரீபூட் செய்தேன், வேலை முடிந்தது என்று பாய் வாங்கித் தந்த சுலைமானியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் அதே 2 மணி, அதே கொலை. காரணம் என்னவென்றால், ரூட்டே (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) இசட்எஃப்எஸ்ஸில் இருந்தால் இசட்எஃப்எஸ் மாட்யூல் (கெர்னலோடு சேரும் துண்டு) பூட்டின் ஆரம்பத்திலேயே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன மூட்டையிலிருந்து ஏறிவிடுகிறது. நீங்கள் எழுதிய புது ஃபைல் அந்த மூட்டைக்குள் இல்லை. 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்' என்று அடித்து மூட்டையைத் திரும்பக் கட்டிய பிறகுதான் ரீபூட். ரீபூட்டுக்குப் பின் 'ஏஆர்சி_சம்மரி' ஓட்டி, உச்சவரம்பு 4 ஜிபி என்று காட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள். பார்க்காமல் டீ குடிக்கப் போகாதீர்கள்.

அப்படியே விண்டோஸின் 16-ஐ 12 ஆக்கினேன். டேலிக்கு ஆறு பேர், அது ஏராளம். ஸ்வாப்பை (ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) இசட்எஃப்எஸ்ஸுக்குள் வைப்பது எனக்குப் பிடிக்காது, நெருக்கடி நேரத்தில் பெட்டியே உறைந்துபோகும்.

இசட்எஃப்எஸ் இல்லாமல் எல்விஎம் தின் பூல் (விஎம்களுக்கு டிஸ்க் இடத்தைப் பங்கிடும் இன்னொரு முறை) வைத்திருப்பவர்கள் 'எல்விஎஸ்' அடித்து டேட்டா, மெட்டா (பூலின் கணக்குப் புத்தகம்) இரண்டின் சதவீதத்தையும் பாருங்கள். பூல் நிறைந்தால் விஎம் ஐஓ எர்ரர் என்று நின்றுவிடும், பார்க்க கிராஷ் மாதிரியே இருக்கும். மெட்டாவை யாரும் பார்ப்பதில்லை.

படி 4: ஹோஸ்டே செத்திருந்தால்

மெமரி கொலை நின்றது. ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் ஒரு மே மாத மத்தியானம் பெட்டி முழுசாக உறைந்தது.

இந்த முறை லாக் இருந்தது. முந்தைய பூட்டின் கடைசி வரி ஏதோ சாதாரண வரி, பாதியில் நின்றது. ஒழுங்கான ஷட்டவுன் என்றால் ஒவ்வொரு சர்வீஸாக நிற்கும் வரிகள் கடைசியில் வந்திருக்கும். அவை இல்லாமல் மொட்டையாக முடிந்தால் கரண்ட், சூடு, ஹார்டுவேர், அல்லது கெர்னல் பேனிக் (கெர்னலே சமாளிக்க முடியாமல் நின்றுவிடுவது). எழுத நேரம் கிடைக்காத சாவு.

சூடு காரணமா என்று முதலில் பார்த்துவிடுவது சுலபம். 'சென்சார்ஸ்' கட்டளையை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டி ஃபைலில் சேர்த்துக்கொண்டே போங்கள், அடுத்த சாவுக்குப் பின் கடைசி எண்ணைப் பாருங்கள். எங்களுக்கு 71 டிகிரி, கத்திரி வெயிலுக்கு அது மோசமில்லை. டிஸ்குக்கு 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ'. ஹார்டு டிஸ்க் என்றால் 5, 197 ஆகிய வரிகளில் எண் ஏறினால் டிஸ்க் போகிறது, 199 ஏறினால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கரண்டுக்கு, ஆபீஸ் முடிந்ததும் விஎம்களை அணைத்துவிட்டு யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். பெட்டி தாங்குகிறதா என்று அப்போதே தெரியும். வீட்டு இன்வெர்ட்டரை சர்வருக்குக் கொடுக்காதீர்கள், மாறும் அந்தக் கண்ணிமைப்பில் சில பெட்டிகள் ரீபூட் ஆகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் நெட்கன்சோல். எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். கெர்னல் தன் கடைசிப் புலம்பலை டிஸ்குக்கு எழுத முடியாவிட்டாலும், யுடிபியில் (பதிலுக்குக் காத்திராமல் நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) பக்கத்து மெஷினுக்கு வீசிவிடும். ஒரு பழைய லேப்டாப்பில் 'என்சி -யூ -எல் -பி 6666' என்று காது கொடுத்து வையுங்கள் ('-பி' இங்கே போர்ட்டில் வரும் பி, சில டிஸ்ட்ரோவில் அது இல்லாமல்தான் வேலை செய்யும்). ஹோஸ்டில் நெட்கன்சோல் மாட்யூலை ஏற்றும்போது ஹோஸ்டின் ஐபி, பிரிட்ஜின் பெயர், லேப்டாப்பின் ஐபி, அதன் மேக் முகவரி நான்கும் கொடுங்கள். 'டிமெஸ்ஜி -என் 8' அடிக்க மறந்தால் பாதிச் செய்தி வராது. நான் மறந்தேன், ஒரு கிராஷ் வீணானது.

அடுத்த கிராஷில் லேப்டாப் திரையில் எம்சிஇ (சிபியுவே கண்டுபிடித்துச் சொல்லும் கோளாறு), ஹார்டுவேர் எர்ரர் என்று நான்கு வரிகள் நின்றன. இனி சாஃப்ட்வேரை நோண்ட வேண்டியதில்லை.

சனிக்கிழமை இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென்டிரைவில் போட்டு ஓடவிட்டேன். 6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுங்கள், பழைய 5 யுஇஎஃப்ஐயில் (புதிய பெட்டிகளின் பூட் முறை) கிளம்பாது. முதல் சுற்று சுத்தம். அதோடு நிறுத்தியிருந்தால் கெட்டேன். இரண்டாவது சுற்றில் சிவப்பு வரிகள் பொலபொலவென்று இறங்கின. ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு "ரேம் ஓகே" என்று சொல்கிறவர்களை நம்பவே நம்பாதீர்கள், இரவு முழுக்க ஓட வேண்டும்.

கரண்டைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சத்தை வடித்து, கேஸின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றினேன். தங்கநிறக் கால்களின் நுனியில் கறுத்துப்போன ஒரு படலம், இரண்டு மூன்று கால்களில் பச்சையும் ஏறியிருந்தது. சர்வர் இருந்த மூலைக்கு நேரே ஜன்னல். அதை மத்தியானம் திறந்து வைப்பது பாயின் வழக்கம், துறைமுகப் பக்கத்துக் காற்று நேராக உள்ளே வரும். உப்பு பால்கனி கம்பியைத் தின்பது போலத்தான் இதையும் தின்றிருக்கிறது.

பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்தேன். ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது, வெளியே வைத்துத் தேயுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு ரேம் மட்டும் போட்டு டெஸ்ட். ஒன்று நான்கு சுற்று தாண்டியது, இன்னொன்று ரப்பருக்கும் மசியவில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் அதே வேகத்தில் இன்னொன்று வாங்கி வந்தேன். சர்வர் ஜன்னலை விட்டு உள்ளறைக்கு மாறியது, ஜன்னல் பாயிடமே இருக்கிறது.

பிற்சேர்க்கை 1: இதைப் படித்த தண்டையார்பேட்டை நண்பர் ஒருவருக்கு ஹோஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கும், பிங் மட்டும் செத்துவிடும். லாகில் 'டிடெக்டட் ஹார்டுவேர் யூனிட் ஹேங்' என்று இருந்ததாம். சில இன்டெல் நெட்வொர்க் சிப்புகளின் ஈ1000ஈ டிரைவரில் பலருக்கும் தெரிந்த தொல்லை அது. 'ஈத்டூல் -கே' கட்டளையில் கே பெரிய எழுத்து. அதைக் கொண்டு டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பெரிய பாக்கெட்டைத் துண்டாக்கும் வசதிகள்) இரண்டையும் ஆஃப் செய்ததும் அவருக்கு நின்றுவிட்டது. ரீபூட்டில் இது போய்விடும், நெட்வொர்க் கான்ஃபிக்கிலும் அந்த வரியைச் சேர்க்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: பேனிக் ஆனால் பெட்டி தானாக எழ வேண்டும் என்று கேட்டவருக்கு: 'கெர்னல்.பேனிக்=10' என்று சிஸ்சிடிஎல்லில் (கெர்னல் அமைப்புகளை மாற்றும் கருவி) வைத்தால் 10 விநாடியில் ரீபூட் ஆகும். காரணம் தெரிந்த பிறகு வையுங்கள். முன்னாலேயே வைத்தால் மானிட்டரில் நிற்கும் வரியைப் படிக்க முடியாது.

பிற்சேர்க்கை 3: நெட்கன்சோல் லேப்டாப்பில் ஒன்றுமே வரவில்லை என்று இருவர் சொன்னார்கள். எனக்கும் ஒருநாள் அப்படி ஆனது. போய்ப் பார்த்தால் பாய் லேப்டாப்பை மூடி, அதன் மேல் ஷிப்பிங் பில் ஃபைல்களை அடுக்கியிருந்தார். மூடினால் தூங்கிவிடும். லாகின்டி கான்ஃபிக்கில் 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்=இக்னோர்' என்று போட்டுவிட்டு ரீபூட் செய்யுங்கள்.