சக் கானர்ஸின் இரண்டு வரிகளை வாசிப்பது எப்படி

பேஸ்பால் பதிவேட்டில் ஆடிய வருடத்துக்கு ஒரு வரி. சிலருக்கு இரண்டே வரிதான் இருக்கும். எனக்குப் பிடித்தது அந்த இரண்டு வரிக்காரர்கள்தான். சக் கானர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரை அடி உயரம், பர்ஸ்ட் பேஸில் (பந்தை அடித்தவர் முதலில் ஓடித் தொட வேண்டிய இடம்) நின்றவர். 1949-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு 1 ஆட்டம், 1951-ல் சிகாகோ கப்ஸுக்கு 66 ஆட்டம். அவ்வளவுதான்.

முதல் வேலை, சராசரி இருக்கும் கட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிரிக்கெட் பழக்கத்தில் நான் அவருடைய .238-ஐப் பார்த்து, "23 சராசரியா, விக்கெட் கீப்பருக்குப் பரவாயில்லையே" என்று நினைத்தவன். இது ரன்னை அவுட்டால் வகுத்த கணக்கு இல்லை. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 238 ஹிட், அதாவது அவுட்டாகாமல் பேஸை எட்டவைத்த அடி, என்று அர்த்தம்.

அப்புறம் 'ஏ.பி.' கட்டத்துக்குப் போங்கள். எத்தனை முறை மட்டை பிடித்தார் என்பது அங்கே இருக்கிறது (நான்கு தப்பான பந்துக்கு இலவசமாக பர்ஸ்ட் பேஸ் கிடைப்பதை 'வாக்' என்பார்கள், அது இதில் சேராது). கானர்ஸுக்கு மொத்தம் 202, ஹிட் 48. ஒரு பென்சிலை எடுத்து அந்த 48-ஐ 58 ஆக்கிப் பாருங்கள். சராசரி .287 ஆகிவிடும்! பத்தே பத்துப் பந்து இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் போதும். 202 என்பது அவ்வளவு சின்ன எண். அதை வைத்து ஒருவருக்கு ஆடத் தெரியாது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) கட்டம் கொஞ்சம் கறார். அங்கே 2 என்றுதான் இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பர்ஸ்ட் பேஸ் ஆளிடம் அடியைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அடுத்து, அதே இடத்தில் வேறு யார் நின்றார் என்று தேடுங்கள். பாதிக் கதை இங்கேதான் கிடைக்கும். 1949 மே மாதம் டாட்ஜர்ஸின் சக வீரர் கார்ல் ஃபுரில்லோவுக்குப் பதிலாக மட்டை பிடிக்க கானர்ஸை அனுப்பினார்கள். தரையோடு அடித்தார், டபுள் பிளே, ஒரே அடியில் இரண்டு அவுட். டாட்ஜர்ஸில் அவருடைய கணக்கு அதோடு முடிந்தது. அந்த அணியின் பர்ஸ்ட் பேஸில் கில் ஹாட்ஜஸ் இருந்தார். 1951-ல் 40 ஹோம் ரன் அடித்த மனிதர். அவரை நகர்த்திவிட்டு யாரை நிறுத்துவது? சிகாகோவிலும் 1952-ல் டீ ஃபாண்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக, மைனர் லீக் (பெரிய லீக்குக்குக் கீழ்நிலைப் போட்டிகள்) பக்கத்தைப் புரட்டாமல் மூடாதீர்கள். 1951-லேயே கப்ஸின் கிளை அணியான லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸில் 98 ஆட்டம், .321, 22 ஹோம் ரன். அதே மனிதர், அதே வருடம்! அந்த ஊரில் ஆடியதில்தான் சினிமாக்காரர்கள் கண்ணில் பட்டார். 1952-ல் முதல் படம். பிற்பாடு தொலைக்காட்சியில் துப்பாக்கி பிடித்த கதாநாயகன்.

பழகிவிட்டதா? சரி, மருத்துவம் படித்துக்கொண்டே நியூயார்க் யாங்கீஸ் அணிக்குத் தேர்ட் பேஸில் ஆடிய பாபி பிரவுனை எடுங்கள். வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்) கணக்கு தனி அட்டவணையில் இருக்கும்: 41 ஏ.பி., 18 ஹிட். வகுத்துப் பாருங்கள். கட்டைவிரலை எடுப்பது அதற்கப்புறம்.