பால் கேனில் மில்க்வீட்: பனிக்காலத்திலேயே விதைக்கலாம்

நியூஜெர்சிக்கு வந்த முதல் வருடம் மில்க்வீட் விதையை ஏப்ரலில் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மொனார்க் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு இந்தச் செடிகளின் இலைதான் சாப்பாடு. நம் ஊர் எருக்குக்குச் சொந்தக்காரச் செடி. எருக்கிலையில் வரிவரியான புழுக்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு விட்டுவிட மனமில்லை.

அடுத்த குளிர்காலத்தில் விதைப் பொட்டலத்தை அப்படியே ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் வைத்தேன். பிறகு விதைத்தும் இரண்டே முளைகள். குளிர் மட்டும் போதாது, கூடவே ஈரமும் வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இலையுதிர்காலத்தில் விழும் விதை அப்போதே முளைத்தால் உறைபனியில் கருகிவிடும். அதனால் ஈரமண்ணில், குளிரில், ஒரு மாதத்துக்கு மேல் ஊறிய பிறகே அது கண் திறக்கும். காய்ந்த விதைக்கு ஃப்ரிட்ஜ் வெறும் சேமிப்புக் கிடங்குதான். அந்த ஈரக் குளிரைக் குளிர்காலமே கொடுக்கட்டும் என்று பால் கேனில் விதைத்து வெளியே வைக்கும் முறை இது:

1. டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ, ஒரு காலன் பிளாஸ்டிக் பால் கேனைக் கழுவி, கைப்பிடிக்குக் கீழே சுற்றி வெட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் வெட்டாமல் விட்டால் மூடிபோலத் திறக்கலாம்.

2. அடியில் ஏழெட்டு ஓட்டைகள். கத்தி வழுக்கும், சூடாக்கிய ஸ்க்ரூடிரைவர்தான் என் தேர்வு.

3. மூன்று அங்குலம் தொட்டிமண் போட்டு நன்றாக நனையுங்கள். விதையைத் தூவி, கால் அங்குலம் மண்ணால் மூடுங்கள். ஆஸ்டர் போன்ற பொடி விதைகளை மூடவேண்டாம், அழுத்திவிட்டால் போதும்.

4. வெட்டிய இடத்தை டேப்பால் ஒட்டி, வெயில் படும் இடத்தில் வெளியே வையுங்கள். திருகுமூடி வேண்டாம், மழையும் பனியும் உள்ளே போக அதுதான் வழி.

சின்னத் தோட்டம் என்றால் ஸ்வாம்ப் மில்க்வீட் வாங்குங்கள். சாதாரண மில்க்வீட் மண்ணுக்கடியில் ஓடி பக்கத்துப் பாத்தியையும் பிடித்துவிடும்.

பின்சேர்க்கை: பனி கேனையே மூடிவிட்டது, தட்டிவிடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். கேன்மேல் மார்க்கரில் எழுதிய செடியின் பெயர் வெயிலில் அழிந்துபோனவர்கள் கேனின் அடியிலும் ஒருமுறை எழுதிவையுங்கள். மார்ச்சில் வெயில் ஏறும்போதுதான் கவனம் வேண்டும்: கேனைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் தண்ணீர்த் தட்டில் அரைமணி நேரம் வையுங்கள். மேலே ஊற்றினால் விதை ஓரமாக ஒதுங்கிவிடும்.