கடற்பனி நகர்வு மாதிரிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்க்டிக்கில் கடற்பனியின் செப்டம்பர் மாதப் பரப்பு செயற்கைக்கோள் அளவீட்டோடு பொருந்திவிட்டால் காலநிலை மாதிரி சரி என்று முடிவு கட்டிவிடுகிறோம். நகர்வுப் பிழைகளை மறைத்து வைப்பது பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான். கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலுள்ள ஃபிராம் நீரிணை வழியாக மாதிரியில் பனி குறைவாக வெளியேறலாம். கோடை உருகல் அளவுக்கு மீறியும் இருக்கலாம். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்ட, பரப்பு மட்டும் அழகாகப் பொருந்தும். வெப்பம் கூடிய எதிர்காலத்திலும் அந்த ஈடு நிலைக்கும் என்று யார் சொல்ல முடியும்?

மாதிரியில் பனியின் வேகத்தைத் திருத்தும்போதும் இதே சிக்கல். பனி நகர்வைக் கணிக்க 1979இல் வில்லியம் ஹிப்லர் தந்த முறையில் பனியின் வலிமைக்கு ஓர் எண் உண்டு. சதுர மீட்டருக்கு 27,500 நியூட்டன் என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் மதிப்பு. பனி மெதுவாக நகர்ந்தால் இந்த எண்ணைக் குறைக்கலாம், காற்று பனியை எவ்வளவு இழுக்கிறது என்பதைக் குறிக்கும் இழுவைக் கெழுவைக் கூட்டவும் செய்யலாம். எதைத் தொட்டாலும் சராசரி வேகம் சரியாகிவிடும் என்பதால் இரண்டையும் ஒருசேர மாற்றக் கூடாது. பனித்தட்டுகள் விலகி மிதக்கும் கோடையில் உள்வலிமைக்கு அநேகமாக வேலையில்லை. ஆர்க்டிக்கில் நார்வே ஆய்வுப்பயணி நான்சென் 1893–96 பயணத்தில் கண்டதுபோல, பனி காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 2 சதவீதத்தில், 20 முதல் 40 பாகை வலப்புறம் ஒதுங்கிப் போகும். இழுவையை அந்தப் பருவத்தில் முடிவுசெய்துவிட்டு, வலிமையைக் குளிர்காலத் தரவில் தேடுவதே நேர்மையான வழி என்பேன்.

1997இல் எலிசபெத் ஹங்கியும் ஜான் டூகோவிச்சும் ஹிப்லரின் சமன்பாடுகளை விரைவாகத் தீர்க்க அவற்றில் மீள்தன்மையை (ரப்பர்போல் இழுபட்டுத் திரும்பும் பண்பை) சேர்த்தார்கள். அது கணக்கு வசதிக்காக வந்தது. மாதிரி நேரத்தில் முன்னேறும் ஒவ்வொரு காலப்படியையும் சிறு உட்படிகளாகப் பிரித்து, மீள் அலைகள் அடங்கும்வரை ஓட்ட வேண்டும். கணினி நேரத்தை மிச்சப்படுத்த உட்படிகளைக் குறைத்தால், அடங்காத அலைகள் பனியில் கோடுகளாகத் தெரியும். அவற்றை விரிசல் என்று நம்பிவிடுகிறோம். கடலைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களைச் சிறிதாக்கினால் நுணுக்கம் தானாக வந்துவிடாது, உட்படிகளும் கூட வேண்டும். உட்படிகளை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்: விடை மாறினால் தீர்வு இன்னும் ஒரு நிலையான விடைக்கு ஒடுங்கவில்லை.

மாதச் சராசரியை மட்டும் ஒப்பிடுவதும் போதாது. விரிசல்கள் சில மணி நேரத்தில் திறந்துவிடும். குளிர்காலத்தில் −1.8 பாகை நீர் −30 பாகைக் காற்றைத் தொடும் இடம் அது. புதுப்பனி அங்கேதான் வேகமாக உறைகிறது. ஆகவே பனிமேல் வைத்த மிதவைக் கருவிகளின் அன்றாடத் தடங்களோடு ஒப்பிடுங்கள், மாதிரியிலும் அளவீட்டிலும் ஒரே நீள அளவில்.

சைபீரியாவின் வடக்கேயுள்ள லாப்டெவ் போன்ற ஆழமற்ற கடல்களில், தட்டுகள் மோதிக் குவிந்த பனிமேடுகளின் அடி கடல்தரையில் ஊன்றிக்கொள்ளும். அந்த உராய்வு மாதிரியில் இல்லையென்றால், கரையோடு நிற்க வேண்டிய பனி குளிர்காலத்திலும் நகர்ந்துகொண்டிருக்கும். வலிமை எண்ணைக் கூட்டி அதை நிறுத்தப் பார்த்தால் நடுக்கடல் பனியும் சேர்ந்து முடங்கிவிடும்.