கூடைப்பந்து ஷூட்டிங்: புதியவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பந்து கைக்கு வந்ததும் புதியவர்கள் பெரும்பாலும் நேராக மூன்று புள்ளிக் கோட்டுக்குத்தான் போகிறார்கள். அங்கே நின்றுகொண்டு, உடம்பை முறுக்கி, இரண்டு கைகளாலும் பந்தைத் தள்ளுகிறார்கள். எப்போதாவது ஒன்று விழும். அந்த ஒன்றுதான் ஆபத்து. பலம் போதாத தூரத்திலிருந்து போட்டுப் பழகினால், பலத்தை ஈடுகட்ட உடம்பு தானாக ஒரு கோணல் வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. அதனால்தான் அனுபவமுள்ள கோச், கற்க வந்தவரை முதலில் ரிங்குக்கு முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்துவார். இந்த விளக்கமும் அதே வரிசையில் போகிறது. தூரம் கடைசியில்தான் வரும்.

முதலில் பந்தும் ரிங்கும்

ஆண்களுக்கு 7-ஆம் அளவுப் பந்து, பெண்களுக்கு 6. சிறு பிள்ளைகளுக்கு 5 போதும். ரிங்கின் வழக்கமான உயரம் 3.05 மீட்டர். சிறு பிள்ளைகள் ஆடும் மினி கூடைப்பந்தில் அது 2.60 மீட்டர்தான். பிள்ளைக்குப் பெரிய பந்தைக் கொடுத்து முழு உயர ரிங்கில் போடச் சொன்னால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது ஷூட்டிங் அல்ல, எறிதல். இதில் பெற்றோர் அவசரப்பட வேண்டாம்.

இன்னொரு கணக்கு. ரிங்கின் உள்விட்டம் சுமார் 45 செ.மீ. 7-ஆம் அளவுப் பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. நேர் மேலிருந்து விழும் பந்துக்கு ஏறக்குறைய இரண்டு பந்து அகலத்துக்கு வழி இருக்கிறது. 45 டிகிரியில் சரிந்து வரும் பந்துக்கு அதே ரிங் 32 செ.மீ. அகலம்தான் காட்டும். 30 டிகிரியில் தட்டையாக வந்தால் 22.5 செ.மீ. பந்தே அதைவிடப் பெரிது, எங்கும் உரசாமல் உள்ளே போக வழியே இல்லை. "வளைவு வேணும், மேலே போடு" என்று கோச் ஓயாமல் கத்துவதற்குக் காரணம் இதுதான்.

படி 1: கால்கள்

கால்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். வலக்கைக்காரர் என்றால் வலது பாதம் அரைப் பாதம் முன்னால் இருக்கட்டும். முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும், எடை பாதத்தின் முன்பகுதியில். இரண்டு பாதங்களும் ரிங்கை நேராகப் பார்க்க வேண்டும் என்று முன்பு கண்டிப்பாகச் சொல்வார்கள். இப்போது பல கோச்சுகள், வலக்கைக்காரர் பாதங்களைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொள்ள விடுகிறார்கள். அப்படி நின்றால் வலது தோள் இறுக்கமில்லாமல் ரிங்குக்கு நேராக வரும். இரண்டையும் செய்து பாருங்கள், தோள் எதில் தளர்வாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைத் தேர்ந்த பிறகு ஒவ்வொரு முறையும் அதே மாதிரி நில்லுங்கள்.

படி 2: கைகள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் மெதுவாகப் படியுங்கள்.

பந்தைப் போடும் கையின் விரல்களை வசதியாக விரித்து, பந்தின் நடுவில் வையுங்கள். பந்தின் எடை விரல்களின் சதைப்பகுதியில் உட்கார வேண்டும். உள்ளங்கையின் நடுவில் சின்ன இடைவெளி இருக்கட்டும். காற்றடிக்கும் துளை இருக்கும் இடத்தை ஆள்காட்டி விரலுக்கு நேராக வைத்துப் பழகினால், பந்தின் மையம் கைக்குப் பழகிவிடும்.

மற்றக் கை பக்கவாட்டில் பந்து சாயாமல் பிடித்திருந்தால் போதும், அது பந்தைத் தள்ளவே கூடாது. ஆனால் பலருக்கு, பந்து கையை விடும் நேரத்தில் அந்தக் கையின் கட்டைவிரல் மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிடும். போடுபவருக்கே அது தெரியாது. பந்து பக்கவாட்டில் சுழன்றுகொண்டு போவதைப் பார்த்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வலக்கைக்காரரின் இடது கட்டைவிரல் தட்டினால் பந்து வலப்பக்கம் விலகும்.

இதற்குக் கோச்சுகள் தரும் மருந்து ஒற்றைக்கை ஷூட்டிங். ரிங்குக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று, இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, வலக்கையால் மட்டும் போட வேண்டும். அது படிந்த பிறகு, இடக்கையைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தொடாமல் விரலளவு தள்ளி வைத்துப் போடச் சொல்வார்கள். கடைசியில்தான் அந்தக் கை பந்தைத் தொடும்.

படி 3: முழங்கை

முழங்கை பந்துக்கு அடியில் இருக்கட்டும், வெளியே விரிய வேண்டாம். முழங்கால், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்தால் சரி. சிலருக்கு முழங்கையை வலுக்கட்டாயமாக உள்ளே இழுத்தால் தோள் இறுகிவிடும். அவர்களை அவர்கள் போக்கிலேயே போட விட்டுவிடுவதே நல்லது.

படி 4: கண்

ரிங்கின் முன் விளிம்பு அல்லது பின் விளிம்பு, எதையாவது ஒன்றைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒன்று என்று மாற்றாதீர்கள். கனடாவைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்டில்) தேர்ந்தவர்கள் கை அசைவதற்கு முன்பே பார்வையை ரிங்கில் நிறுத்தி, அதை மற்றவர்களைவிட அதிக நேரம் அங்கேயே வைத்திருப்பது தெரியவந்தது. கண் முதலில் போய்ச் சேரட்டும், பந்து பின்னால் வரும். பறக்கும் பந்தைப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள், தலை அதோடு சேர்ந்து ஆடிவிடும்.

படி 5: விடுதல்

பலம் காலிலிருந்துதான் வர வேண்டும். முழங்கால் நிமிரும்போதே பந்தும் மேலே எழ வேண்டும். கால் நிமிர்ந்து முடித்த பிறகு கை தொடங்கினால் காலின் பலம் வீண். கை முழுதாக நீண்டதும் மணிக்கட்டு முன்னால் மடியும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கடைசியாகப் பந்தை விடும். அப்போது பந்துக்குப் பின்சுழற்சி, அதாவது போடுபவரை நோக்கிப் பின்னோக்கிச் சுழலும் சுழற்சி, கிடைக்கும். அந்தச் சுழற்சியோடு போகும் பந்து ரிங்கிலோ போர்டிலோ பட்டதும் முன்வேகத்தை இழந்து, மெத்தென்று உள்ளே சரிய வாய்ப்பு அதிகம்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2008-இல் வெளியிட்ட கணினிக் கணக்கீட்டில், ஃப்ரீ த்ரோவுக்கு ஏற்றதாக வந்தது சுமார் 52 டிகிரி ஏவுகோணமும் நொடிக்கு 3 சுற்றுப் பின்சுழற்சியும். இதை அளந்து போட யாராலும் முடியாது. ஆனால் பக்கத்திலிருந்து எடுத்த வீடியோவில் உங்கள் பந்து 45 டிகிரிக்கும் தாழ்வாகக் கிளம்புவது தெரிந்தால், எதைத் திருத்த வேண்டும் என்பது புரிந்துவிடும்.

பந்து போன பிறகும் கையை அப்படியே வைத்திருங்கள். உயரத்தில் இருக்கும் டப்பாவுக்குள் கையை விட்டதுபோல, விரல்கள் ரிங்கை நோக்கித் தொங்க வேண்டும். பந்து ரிங்கைத் தொடும்வரை கையை இறக்காதீர்கள். இதற்குப் பெயர்தான் ஃபாலோ த்ரூ.

கோச் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்?

மேலே இத்தனை சொல்லிவிட்டேன். இவ்வளவையும் ஒரே நாளில் ஒருவர் தலையில் ஏற்றினால் அவரால் பந்தைப் போடவே முடியாது. நல்ல கோச் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சொல்வார். இன்று கை, நாளை கால். நடுவில் வேறு குறை கண்ணில் பட்டாலும் பேசாமல் இருப்பார். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சொல்லும் விதமும் முக்கியம். 2005-இல் வெளியான ஒரு சோதனையில், ஃப்ரீ த்ரோ போடுபவர்களை ஒரு சுற்றில் மணிக்கட்டின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், இன்னொரு சுற்றில் ரிங்கைக் கவனிக்கச் சொன்னார்கள். ரிங்கைக் கவனித்தபோதுதான் குறி மேம்பட்டது, தசைகளும் குறைவாகவே உழைத்தன. எனவே "மணிக்கட்டை மடக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, "பந்து ரிங்குக்கு மேலே போய் இறங்கட்டும்" என்று சொல்வது பலன் தரும்.

பயிற்சி வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் தரையில் மல்லாந்து படுத்து, பந்தை நேர் மேலே போட்டு அதே கையில் வாங்குங்கள். அப்புறம் ஒரு மீட்டர் தூரத்தில் ஒற்றைக்கை. அப்புறம் இரண்டு கைகளோடு அதே இடத்தில். தொடர்ந்து ஐந்து பந்துகள் சுத்தமாக விழுந்தால் ஓர் அடி பின்னால் போகலாம். உடம்பு கோணினால், பந்து விழுந்திருந்தாலும், ஓர் அடி முன்னால் வந்துவிடுங்கள். போர்டிலிருந்து 4.6 மீட்டரில் இருக்கும் ஃப்ரீ த்ரோ கோடு வரை இப்படியே போங்கள். குதித்துப் போடும் ஜம்ப் ஷாட் அதற்குப் பிறகு. உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோடு அதற்கும் பிறகு.

அமெரிக்க வீரர் ஸ்டீஃபன் கறி மாதிரி தூரத்திலிருந்து போட ஆசைப்படாதவர் இல்லை. அவரே பள்ளியில் படிக்கும்போது, இடுப்பருகிலிருந்து பந்தை எறியும் பழக்கத்தை, தந்தை டெல் கறியின் உதவியோடு ஒரு கோடை விடுமுறையில் மாற்றிக்கொண்டவர்தான். அப்போது பல வாரங்கள் ரிங்கை ஒட்டிய கட்டத்துக்கு வெளியிலிருந்து அவரால் பந்தைப் போட முடியவில்லை. பிற்காலத்தில் உலகமே வியந்த தூரம் அங்கிருந்துதான் வந்தது.

தவறிய பந்தைப் படியுங்கள்

பந்து ரிங்குக்கு முன்னாலேயே விழுந்தால், பெரும்பாலும் கால் சோர்ந்திருக்கிறது அல்லது வளைவு போதவில்லை. பின்னால் தாண்டினால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். இந்த இரண்டையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பழகப் பழகச் சரியாகும். இடமோ வலமோ விலகும் பந்துதான் திருத்தம் கேட்கிறது. முழங்கை விரிகிறதா, கட்டைவிரல் தட்டுகிறதா, பாதம் ஒவ்வொரு முறையும் வேறு திசையில் நிற்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். முன்னாலிருந்து எடுத்த பத்து நொடி வீடியோவில் மூன்றும் தெரிந்துவிடும்.

கால் சோர்ந்துவிட்டது என்று தெரிந்த நிமிடமே தூரத்தைக் குறைத்துவிடுங்கள். கடைசிப் பத்துப் பந்துகளை ரிங்குக்கு அருகில், ஒற்றைக்கையால் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.