ஆல்பத்துல சிவப்பு பேனர் எழுத்து மட்டும் கரைஞ்சி போனதுக்கு வழி கெடைச்சிருச்சு

அப்பாடா, நிம்மதி. சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா படத்தையெல்லாம் வெப் ஆல்பமா போட்டுக்கிட்டு இருந்தேன், இமேஜ்மேஜிக்ல (கமாண்ட் அடிச்சி படத்த மாத்துற சாப்ட்வேர்) நீளப்பக்கம் 1600 பிக்சல், ஜேபெக் குவாலிட்டி 82, லைன் ஸ்லோவா இருக்குற வீட்டுலயும் தொறக்கணும்ல. எல்லாம் ஓகே, ஆனா சிவப்பு பேனர்ல உள்ள நீல எழுத்து மட்டும் ஓரம் கரைஞ்சி நிக்குது. அதே படத்துல பூசாரியோட வெள்ள வேட்டி மடிப்பு ஒவ்வொண்ணும் பளிச்சுனு தெரியுது, இதுதான் மண்டைய கொடஞ்சிச்சு.

சைஸ 2400 ஆக்குனேன், பைல்தான் வீங்குச்சு. ஷார்பன் பண்ணா வேட்டி ஓரத்துல வெள்ளக்கோடு. லென்ஸ் கோளாறுன்னான் தம்பி, ஒரிஜினல தொறந்தா சுத்தமா இருக்கு. குவாலிட்டிய படிப்படியா ஏத்துனா 89 வரைக்கும் அதே கதை, 90 போட்டதும் டக்குனு தெளிஞ்சிருச்சு.

விஷயம் என்னன்னா, குவாலிட்டி 90க்கு கீழ போனா இமேஜ்மேஜிக் தானாவே 4:2:0ங்கிற முறைக்கு போயிரும், அதாவது வெளிச்சத்த பிக்சல் பிக்சலா வச்சிக்கிட்டு கலர மட்டும் நாலு பிக்சலுக்கு ஒண்ணுன்னு சுருக்கிரும். பேனர்ல எழுத்த பிரிச்சி காட்டுறது பெரும்பாலும் கலர்தான், அதான் கரைஞ்சிச்சு; வேட்டி மடிப்புல இருக்குறது வெளிச்சமும் நிழலும்தான், அதான் தப்பிச்சிச்சு. இப்ப 1600, 82 அப்பிடியே, கமாண்ட்ல சாம்ப்ளிங் ஃபேக்டர் 4:4:4ன்னு (கலரையும் சுருக்காம வைக்கிற முறை) மட்டும் சேத்துட்டேன். பைல் கொஞ்சம் கூடுது, 90 போட்டா வர்ற அளவுக்கு இல்ல லா. செம்பனை மரம், ஊர்வலக் கூட்டம் மாதிரி படத்துக்கு பழைய செட்டிங்கே போதும்.