நெடுநாள் உறங்கிய டகோட்டா எஞ்சினை எழுப்புவது எப்படி

1947 அக்டோபர் 27 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டா விமானங்களிலும், பழுது நீக்கப்பட்டு 2018இல் பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்குப் பறந்து வந்த ‘பரசுராமா’ என்ற டகோட்டாவிலும் இருப்பது ஒரே எஞ்சின்தான்: பிராட் அண்ட் விட்னி ஆர்-1830. இரண்டு வரிசைகளில் 14 சிலிண்டர்கள், 30 லிட்டர், 1,200 குதிரைத்திறன். ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்ட இந்த எஞ்சினைக் கண்டதும் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரைத் தட்டத்தான் கை பரபரக்கும். அதை மட்டும் செய்துவிடக் கூடாது.

நிற்கும் எஞ்சினில் ஆயில் கீழே இறங்கும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி அடிச் சிலிண்டர்களுக்குள் சேரும். பின்னாலிருந்து பார்த்தால் உச்சியில் இருப்பது 1ஆம் சிலிண்டர், நேர் கீழே 8. ஆகவே 6 முதல் 10 வரை உள்ளவைதான் சந்தேகத்துக்குரியவை. காற்றை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் வலுக்கட்டாயமாகச் சுற்றினால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். அப்போதே முறிந்தால்கூட நல்லது. வளைந்த ராடு சில மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு, ஆகாயத்தில் முறியும்.

முதலில் எல்லாச் சிலிண்டர்களிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அந்த ஐந்து அடிச் சிலிண்டர்களில் இரண்டையும் கழற்றுங்கள். சிலிண்டருக்கு இரண்டாக எஞ்சினில் மொத்தம் 28 பிளக்குகள், கழற்றியவற்றை எண்ணி வையுங்கள். கீழே தட்டு வைத்து ஓரிரவு வடிய விடுங்கள். பிறகு, உள்ளே நுழைத்துப் பார்க்கும் போர்ஸ்கோப் கருவியை விட்டுச் சிலிண்டர் சுவரைப் பாருங்கள். லேசான பழுப்புப் படலம் பரவாயில்லை. குழி விழுந்திருந்தால் அந்தச் சிலிண்டரை இறக்கியே ஆக வேண்டும், சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை.

சுவர்களில் ஆயில் தெளித்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவின் சுவிட்சுகள் அணைந்திருக்கின்றனவா என்று இருமுறை பாருங்கள். ஓடும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். தடை வந்ததும் பின்னோக்கித் திருப்பினால் ஆயில் இன்டேக் குழாய்க்குள் போய்ப் பதுங்கும். எஞ்சின் பிடித்த கணமே திரும்ப உள்ளே வந்து அடிக்கும். கியர் விகிதம் 16:9, அதாவது எஞ்சின் 16 சுற்றுச் சுற்றினால் மூன்று பிளேடு புரொப்பெல்லர் 9 சுற்று. அதனால் எல்லாச் சிலிண்டர்களும் ஒருமுறை அமுங்க நான்கு பிளேடுகளாவது கடக்க வேண்டும். பன்னிரண்டு கடக்க விடுவது நல்லது. பிளக்குகளை மாட்டிய பிறகு சுற்றும்போது வித்தியாசம் கைக்கே தெரியும். கம்ப்ரஷன் மெத்தென்று எதிர்க்கும், அழுத்திப் பிடித்தால் மெல்ல விட்டுக்கொடுக்கும். ஆயில் என்றால் சுவரில் முட்டியது போல நிற்கும். நின்றால் தள்ளாதீர்கள், மறுபடி பிளக்கைக் கழற்றுங்கள்.

பழைய ஆயிலைத் துணியில் வடித்துப் பாருங்கள். காந்தம் இழுத்தால் எஃகுத் தூள். இழுக்காத மினுக்கத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போடுங்கள். நுரைத்துக் கரைந்தால் அலுமினியம். கரையாமல் கிடந்தால் கவலைப்படுங்கள்: அது மாஸ்டர் ராடு (ஒரு வரிசையின் மற்ற ராடுகளைத் தாங்கும் முதன்மை ராடு) பேரிங்கின் வெள்ளியாக இருக்கலாம்.

ரப்பர் ஹோஸ்கள் அத்தனையையும் மாற்றுங்கள். வெளியே புதிது போலிருந்தாலும் உள்ளே செதில் செதிலாக உரியும். இங்கே சிக்கனம் பார்ப்பவர்கள் வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளலாம். கார்புரேட்டரின் டயாஃபிரம் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சவ்வு) காய்ந்து இறுகியிருக்கும். பெட்ரோல் நிரப்பி எட்டு மணி நேரமாவது ஊற வைக்காமல் ஓட்டினால் பெட்ரோல்-காற்றுக் கலவை தாறுமாறாகும்.

இனி, சூடாக்கிய ஆயிலை வெளிப் பம்பால் அழுத்தத்தோடு செலுத்துங்கள், சிலிண்டருக்கு ஒரு பிளக் கழன்றிருக்க, புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றிக்கொண்டே. மேல் சிலிண்டர்களின் தலையில் வால்வுகளை இயக்கும் ராக்கர் பெட்டிகள் வரை ஆயில் எட்ட வேண்டும். நல்ல பேரிங்குகள் கெடுவது பெரும்பாலும் இந்த வேலையைத் தவிர்ப்பதால்தான்.

ஸ்டார்ட் செய்யும் நாளில் சக்கரங்களுக்குக் கட்டை, பக்கத்தில் கார்பன் டையாக்சைடு தீயணைப்பான். மேக்னட்டோவைப் போடாமல் ஸ்டார்ட்டரில் 12 பிளேடுகள் கடந்த பிறகே சுவிட்ச். பிடித்ததும் கண் ஆயில் பிரஷர் முள்ளில் இருக்கட்டும். 30 விநாடிக்குள் எழாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். எழுந்தால் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் வைத்து, ஆயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை த்ராட்டிலைத் தொடாதீர்கள். ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு அணைத்து, ஆயில் ஸ்கிரீனை (ஆயிலை வடிகட்டும் வலையை) கழற்றிப் பாருங்கள். பழைய கசடு பெயர்ந்து வந்து அதை அடைத்திருக்கும். கழுவி மாட்டி, மறுபடி ஐந்து நிமிடம். ஸ்கிரீன் சுத்தமாக வரும்வரை இதேதான்.